ரோலோ சாக வேண்டுமா? பெரம்பலூர், அரியலூரில் ஒரு ரசிகச் சண்டையைத் தேடி

இந்தப் பயணத்துக்கு இரண்டு காரணங்கள். ஆபீசில் லீவு கேட்டபோது சொன்னது, என் சித்தி மகள் குழந்தைக்குச் சிறுவாச்சூரில் காதுகுத்து என்பது. உண்மைதான். ஆனால் காதுகுத்துக்கு ஒரு நாள் போதும். மிச்ச நாட்களை நான் எடுத்துக்கொண்டது தாமிர முகமூடிக்காக.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 'தாமிர முகமூடி' ஒரு வெளிநாட்டுச் சித்திரக் கதை. நான் பள்ளியில் படித்த காலத்தில் தமிழில் கறுப்பு வெள்ளையில் கையடக்கப் புத்தகமாக வந்துகொண்டிருந்தது. செம்பு முகமூடி அணிந்த நாயகனுக்கு ரோலோ என்று ஒரு சிறுவன் துணை. கடைசிப் புத்தகத்தில் ரோலோ பாலத்திலிருந்து விழுந்து செத்துப்போவான். அந்தப் பக்கத்தில் அழாதவர்கள் எங்கள் வகுப்பில் யாரும் இல்லை. போன வருடம் அதையே கார்ட்டூனாக எடுத்து, ஞாயிறு காலை பத்து மணிக்குத் தமிழில் பேசவைத்து டிவியில் போட ஆரம்பித்தார்கள். அப்போதிருந்து என் வலைப்பதிவில் அமைதி இல்லை.

புகார்கள் பலவகை. முகமூடி செம்பு நிறமாக இல்லாமல் தக்காளிச் சிவப்பில் இருக்கிறது என்றார் ஒருவர். புத்தகத்தில் "கயவனே, உன் ஆட்டம் முடிந்தது!" என்று பேசிய நாயகன் டிவியில் "டேய் பேமானி, ஒன் கத கந்தல்டா!" என்கிறான் என்று பலர் கொதித்தார்கள். ஆனால் பெரிய சண்டை ரோலோவைப் பற்றி. கார்ட்டூனிலும் பாலம் வரப்போகிறது, ரோலோ சாக வேண்டுமா கூடாதா? 'அரியலூர் அன்பு' என்ற பெயரில் எழுதுபவர், புத்தகத்தில் உள்ளபடி செத்தே ஆகவேண்டும் என்றார். 'லப்பைக்குடிகாடு ஜாபர்', சாகவே கூடாது என்றார். என் பதிவின் கீழே இருவரும் 'நண்பரே', 'ஐயா' என்று ஒருவரை ஒருவர் மரியாதையாக வெட்டிக்கொண்டார்கள். பின்னூட்டங்களைப் படித்துப் படித்து, யார் சொல்வது சரி என்று எனக்கே தெரியாமல் போயிற்று. இரண்டு பேரும் ஒரே மாவட்டம். நேரில் பார்த்துப் பேசி, ரசிகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெளிவாக ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அந்தத் தெளிவு வரவே இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வியாழன் மத்தியானம் கோயம்பேட்டில் திருச்சி பஸ் ஏறினேன். பெரம்பலூருக்கு 105 ரூபாய், சுமார் 270 கிலோமீட்டர். ஏறும்போதே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பஸ் ஊருக்குள் போகுமா, பைபாஸிலேயே இறக்கிவிடுவார்களா? நான் கேட்கவில்லை. பைபாஸில் நான்கு ரோடு என்ற இடத்தில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சித்தி வீடு என்றேன்.

"பழைய பஸ் ஸ்டாண்டா, புது பஸ் ஸ்டாண்டாங்க?"

"எது பக்கமோ அது."

"ரெண்டுமே பக்கந்தாங்க" என்று சொல்லி 25 ரூபாய் வாங்கிக்கொண்டு தவறான பஸ் ஸ்டாண்டில் விட்டார்.

வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர். பெரம்பலூரிலிருந்து திருச்சி ரோட்டில் எட்டுக் கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் மூன்று ரூபாய். காளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் திறந்திருக்கும், மற்ற நாளில் போய்ப் பூட்டைக் கும்பிட்டுவிட்டு வராதீர்கள். காதுகுத்தில் சித்தியின் பேரன், நாலாவது படிப்பவன், என் பையிலிருந்த பழைய தாமிர முகமூடிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். "பெரியம்மா, இது டிவியப் பாத்து வரைஞ்சதா? கலர் அடிக்க மறந்துட்டாங்களா?" என்றான். புத்தகம்தான் முதலில் வந்தது என்றேன். நம்பவில்லை. "அப்ப ஏன் ரோலோ இப்டி பேசுறான்? பாடப் புக்கு மாதிரி?" பந்திக்குக் கூப்பிட்டதால் தப்பித்தேன்.

சனிக்கிழமை காலை லப்பைக்குடிகாடு. பெரம்பலூரிலிருந்து திட்டக்குடி போகும் பஸ்ஸில் ஏறினேன். முப்பது கிலோமீட்டருக்கு மேல், டிக்கெட் 12 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். ஊர் வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. நிறைய வீடுகள் புதிது, நிறைய வீடுகளில் ஆண்கள் துபாயிலோ சவுதியிலோ இருப்பதாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னார். ஜாபரும் அங்கே ஆறு வருடம் இருந்துவிட்டு வந்து, கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கிறார். நான் நினைத்ததைவிட இளையவர், முப்பத்தைந்து இருக்கும். கடையில் சின்னதாக ஒரு கலர் டிவி.

"வாங்கக்கா, வாங்க. பின்னூட்டத்துல பாத்து பெரிய ஆளா இருப்பீங்கன்னு நெனச்சேன். வூட்லேந்து சமோசா வந்துக்கிட்டு இருக்கு, உக்காருங்க."

கார்ட்டூன் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ரோலோ உயிரோடு இருக்கவேண்டும் என்று நாற்பது வரி எழுதியவர், முகத்தைச் சுளித்தார்.

"மகா மோசம்க்கா. முகமூடியா அது? பிளாஸ்டிக் வாளி மாதிரி இருக்கு. தமிழா அது? காது கூசுது."

"பிறகு ஏன் அதற்காக இவ்வளவு சண்டை?"

"நான் எங்க கார்ட்டூனுக்கு சண்ட போட்டேன்? ரோலோவுக்குத்தான் போட்டேன்."

எனக்குப் புரியவில்லை. கார்ட்டூன் பிடிக்கவில்லை, ஆனால் ஒரு வாரம்கூட விடாமல் பார்க்கிறார். ரோலோ புத்தகத்தில் சாவது சரி என்கிறார், டிவியில் சாகக்கூடாது என்கிறார். சமோசா வந்தது. நான் பேச்சை மாற்றி, "அரியலூர் அன்பு என்று ஒருவர் உங்களோடு மல்லுக்கு நிற்கிறாரே, அவரை நாளைக்குப் பார்க்கப் போகிறேன்" என்றேன்.

"அன்பழகனா? அவன் என் சேக்காளிதாங்க்கா."

மூன்று மாதமாக 'ஐயா, தங்கள் கருத்து தவறு' என்று எழுதிக்கொண்டவர்கள்!

ஜாபர் பள்ளிக்கூடம் படித்ததெல்லாம் அரியலூரில், மாமு வீட்டில் தங்கி. அன்பழகன் அடுத்த வீடு. அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துதான் தாமிர முகமூடி முழுவதும் படித்தார்களாம். "நாங்க மூணு பேரும்" என்றார். மூன்றாவது யார் என்று கேட்டேன். சட்டென்று ஒரு பையனுக்கு ரீசார்ஜ் செய்யத் திரும்பிக்கொண்டார்.

"இப்ப அவனும் நானும் பேசிக்கிறதில்லக்கா. கார்ட்டூன் வந்ததுலேந்து. நெட்டுல எழுதிக்கிறதோட சரி."

"ஒரு கார்ட்டூனுக்காகவா?"

"நாளைக்கு பத்து மணிக்கு அவன் வூட்ல இருப்பீங்கல்ல? டிவி போட்டதும் ரோலோவப் பாக்காதீங்க, அம்மாவப் பாருங்க. இதுக்கு மேல நான் சொன்னா நல்லாருக்காது."

திரும்பி வரும் பஸ்ஸில் முழுக்க யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

ஞாயிறு காலை சீக்கிரமே பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினேன். 32 கிலோமீட்டர், 10 ரூபாய். ஒரு மணி நேரம் என்பார்கள், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் மாட்டினால் கூடவே ஆகும். ஜன்னல் சீட்டு வேண்டாம், சிமெண்டுத் தூசி முகத்தில் அப்பிக்கொள்ளும். அரியலூர் எந்த மாவட்டம் என்று கண்டக்டரிடம் கேட்டேன், கட்டுரையில் தப்பாகப் போட்டுவிடக் கூடாதே என்று. "தனி மாவட்டமா ஆக்குனாங்க, அப்பறம் பெரம்பலூரோடயே சேத்துட்டாங்க. மறுபடி பிரிப்பாங்கன்னு பேசிக்கிறாங்க. நீங்க எப்பக் கேக்குறீங்கன்னு பாத்துத்தான் சொல்லணும்" என்றார்.

அன்பழகன் வீடு ஸ்டேஷனுக்குப் போகும் வழியில். தனியார் பள்ளியில் தமிழாசிரியர். கல்யாணம் ஆகவில்லை, அம்மாவும் அவரும் மட்டும். வாசலிலேயே கார்ட்டூனைத் திட்டத் தொடங்கிவிட்டார்.

"பேமானிங்கறது தமிழாங்க? எங்க பள்ளிக்கூடத்துப் பசங்க வகுப்புல அப்டிப் பேசுறானுவ. கேட்டா தாமிர முகமூடியே பேசுதுங்கறான். இத எழுதுனவன் கையில கெடச்சா..."

"அப்படியானால் பார்க்காமல் இருக்கலாமே?"

"நானா பாக்குறேன்?" என்று வீட்டுக்குள் கையைக் காட்டினார்.

உள்ளே அவருடைய அம்மா டிவிக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும், தலை குளித்து முடியைக் காயவிட்டிருந்தார். "வாம்மா, குந்து. இப்ப போட்ருவாங்க" என்றார். அந்த வயதில் ஒரு தாமிர முகமூடி ரசிகையை நான் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்களுக்கு இந்தக் கதை பிடிக்குமா என்றேன்.

"கதையா? எனக்கு ஒண்ணும் வெளங்காது. யாரு யாரையோ அடிச்சுக்கிறானுவ."

அன்பழகன் கதவோரமாக நின்றார். உட்காரவில்லை.

பத்து மணிக்குப் பாட்டு முடிந்து கதை தொடங்கியது. மழை, பாலம், வில்லனின் ஆட்கள். ஜாபர் சொன்னபடி நான் அம்மாவைப் பார்த்தேன். சண்டை நடந்தது, அவர் முகத்தில் எதுவுமில்லை. நாயகன் கத்தினான், எதுவுமில்லை. ரோலோ இருட்டிலிருந்து ஓடிவந்து "அண்ணே, நான் வந்துட்டேன்!" என்றான். அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வந்துட்டா" என்றார்.

நான் திகைத்தேன். ரோலோ பையன். அம்மாவுக்குக் கண் சரியில்லையோ என்று நினைத்து, "பையன்மா அது" என்றேன்.

"படம் பையந்தான்" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொரலு எங்க தேனு."

அன்பழகனைத் திரும்பிப் பார்த்தேன்.

"தேன்மொழி. என் தங்கச்சி" என்றார். "மெட்ராஸ்ல இதுக்கெல்லாம் கொரல் குடுக்குறா. சின்னப் பசங்களுக்குப் பொம்பளைங்கதான் பேசுவாங்களாம்."

மெதுவான குரலில், அம்மாவின் காதில் விழாதபடி மிச்சத்தைச் சொன்னார். தேன்மொழி விரும்பிய ஒருவரை, வீட்டுக்குத் தெரியாமல், வேறு சாதியில் கட்டிக்கொண்டு ஆறு வருடத்துக்கு முன்னால் சென்னைக்குப் போய்விட்டார். இனி அவள் பேச்சே இந்த வீட்டில் கூடாது என்றார் அப்பா. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்போதும் தங்கைக்குத் தகவல் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டில் இந்தக் கார்ட்டூன் ஓடியபோது, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா கையில் புடவையோடு அப்படியே அந்த வீட்டுக்குள் நடந்துவிட்டார்.

"சின்ன வயசுல அவதாங்க எங்களுக்கு புக்கப் படிச்சுக் காட்டுவா. ரோலோவுக்கு ஒரு கொரலு, முகமூடிக்கு ஒரு கொரலு. ஒரு எழுத்து பெசகாது. இப்ப பாருங்க, என்னா பேச்சு பேசுறான்னு." கோபமா, பெருமையா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "ரோலோ செத்துட்டா ஒரேடியா முடிஞ்சிரும்ங்க. அம்மாவும் வாரம் முழுக்க ஞாயித்துக்கெழமைக்காக உக்காந்துருக்க வேணாம். ஜாபருக்கு அது புரியல. கெடக்கட்டும்டா, அம்மா கேக்கட்டுமேங்கறான். அதுலதான் பேச்சு நின்னுபோச்சு."

அம்மா என் கையைத் தொட்டார். "ஏம்மா, நீ படிச்ச புள்ள. இந்தப் பையன் கடைசில என்ன ஆவான்?"

அந்தக் கேள்விக்கு நான் என் பதிவில் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். புத்தகத்துக்கு உண்மையாக இருப்பது பற்றியெல்லாம் பேசியிருக்கிறேன். "பார்ப்போம்மா" என்று மட்டும் சொன்னேன்.

திரையில் ரோலோ பாலத்தின் விளிம்பில் தொங்கினான். தாமிர முகமூடி ஒரு கையால் அவனைப் பிடித்திருக்கிறான். புத்தகத்தில் அடுத்த பக்கம் எனக்கு மனப்பாடம். ரோலோ மேலே பார்த்து, "அண்ணே, கைய வுட்ருண்ணே. ரெண்டு பேரும் போவ வேணாம்" என்றான். அவ்வளவுதான், கரண்ட் போய்விட்டது.

"என்னாச்சு?" என்றார் அம்மா. "டேய், என்னாச்சுடா?"

அன்பழகன் வெளியே போய்ப் பார்த்தார். தெரு முழுக்க இல்லை. அம்மா டிவியின் கறுப்புக் கண்ணாடியில் கையை வைத்தபடி எழுந்து நின்றார். "போயிட்டாளா? வுழுந்துட்டாளாடா?" நான் என்ன சொல்வது? வெறும் படம் என்றா? அவருக்கு அது தெரியாமல் இல்லை.

ரோலோ சாக வேண்டும் என்று எழுதி எழுதிக் கைவலித்த மனிதர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பான பொத்தானை அழுத்தினார்.

"ஜாபரு... நாந்தான். அங்க கரண்ட் இருக்கா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

"போன டிவிகிட்ட வையிடா. சீக்கிரம்."

செல்போனை அம்மாவின் காதில் வைத்தார். சத்தம் அதிகமாக இருந்ததால் எனக்கும் கேட்டது. மழைச் சத்தம், ஏதோ இசை, நாயகன் "ரோலோ! ரோலோ!" என்று கதறுவது. பிறகு எதுவுமில்லை. அம்மா மூச்சுவிடவில்லை என்று நினைக்கிறேன். நானும்தான். பிறகு தண்ணீரின் சலசலப்பு, ஒரு இருமல், மெல்லிய குரல்.

"அண்ணே... நான் இங்கதாண்ணே இருக்கேன்."

டிவியில் கேட்டபோது அது ரோலோவின் குரல். போனில் கேட்டபோது, வெளியூரிலிருந்து வீட்டுக்குப் பேசும் ஒரு பெண்ணின் குரலாக இருந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும்.

"எங்கடி இருக்க?" என்றார் போனில். "தேனு, எங்கடி இருக்க நீ?"

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. ஜாபர் அணைத்துவிட்டார் போல. "அம்மா... நான் ஜாபரும்மா" என்று கேட்டது. அம்மா போனை மகனிடம் நீட்டிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

அன்பழகன் போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் பார்த்தார். பிறகு கேட்டார்: "அவ நம்பர் ஒன்கிட்ட இருக்குல்ல?"

இருக்கிறது என்று ஜாபர் சொல்லியிருக்க வேண்டும்.

"எத்தன வருசமா வச்சிருக்க?... சரி, வுடு. திட்டல. சொல்லு, எழுதிக்கிறேன்."

நான் வெளியே வந்து செருப்பைத் தேடுவதுபோல் நின்றேன். அதற்குமேல் அங்கே இருப்பது முறையில்லை என்று பட்டது. உள்ளே போய்ச் சொல்லிக்கொண்டபோது அம்மா டீ குடிக்காமல் விடவில்லை. சர்க்கரைக்குப் பதிலாக உப்புப் போட்டிருந்தார். குடித்துவிட்டேன். கரண்ட் அப்போதும் வரவில்லை.

மத்தியான ரயிலில் சென்னை திரும்பும்போது கட்டுரைக்குக் குறிப்பெழுத உட்கார்ந்தேன். புத்தகத்தை மாற்றிவிட்டார்கள், ரோலோ பிழைத்துவிட்டான். ஒரு பழைய ரசிகையாக நான் ஆத்திரப்பட வேண்டும். அவன் இருமியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியானால் கார்ட்டூன்தான் சரியா? வாளி போன்ற முகமூடியும் பேமானியும் இன்னும் சகிக்கவில்லை. சிறுவயதில் நாங்கள் வகுப்போடு அழுதோமே, அந்தச் சாவுக்கு என்ன மரியாதை? விழுப்புரம் வரை யோசித்துவிட்டுப் பேனாவை மூடினேன். ரசிகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை என்பதுதான் இந்தப் பயணத்தின் முடிவு. அன்பழகன், ஜாபர், தேன்மொழி மூவரும் கேட்டுக்கொண்ட பிறகுதான் இதையாவது எழுதுகிறேன். பெயர்களைக்கூட மாற்ற வேண்டாம் என்றவர் தேன்மொழி.

போகிறவர்களுக்கு: சிறுவாச்சூரையும் அரியலூரையும் சேர்த்துப் பார்ப்பதென்றால் பெரம்பலூரில் தங்குங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் 200 ரூபாய்க்குச் சுத்தமான அறை கிடைக்கிறது. வெயில் காலத்தில் தண்ணீர் கையிலேயே இருக்கட்டும். லப்பைக்குடிகாட்டில் வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைகள் அடைத்திருக்கும், சனிக்கிழமை போனது நல்லதாயிற்று.

போன வாரம் அன்பழகனிடமிருந்து ஒரு பின்னூட்டம். 'பேமானி போன்ற சொற்களை எழுதுபவர் வேறு யாரோ, எழுதிக் கொடுப்பதைத்தான் பேசுவதாக என் தங்கை சொல்கிறாள். இருந்தாலும் மறுத்திருக்கலாம் என்பது என் கருத்து' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஜாபர், 'கரீட்டு மச்சான்' என்று எழுதி அவரை மேலும் வெறுப்பேற்றியிருந்தார். பிறகு அன்பழகன் தனியாக ஒரு கேள்வி கேட்டிருந்தார். அது எல்லோருக்கும் உதவும் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன். அரியலூரிலிருந்து சென்னைக்கு, வயதான அம்மாவைத் தனியாக அனுப்புவதென்றால் காலையில் வரும் பகல் ரயில்தான் நல்லது. இரண்டாம் வகுப்பு இருக்கை எண்பது ரூபாய்ச் சொச்சம். முன்பதிவு செய்யும்போதே ஜன்னலோரம் கேளுங்கள். வண்டி அரியலூரில் இரண்டு நிமிடம்தான் நிற்கும், பெட்டி எங்கே வரும் என்று முன்பே கேட்டுவைத்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். எழும்பூரில் கூட்டம் அதிகம், ஆனால் பெட்டி எண்ணைப் போனில் சொல்லிவிட்டால் போதும். கூட்டிப்போக வருபவர் பெட்டி வாசலுக்கே வந்து கையைப் பிடித்து இறக்கிக்கொள்வார்.